ஒன்பது பொத்தான்

முதல் மூன்று இரவுகள் கேபிளால் போயின.
பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.
மடிக்கணினி மட்டும்
அப்படி யாரும் வரவில்லையே என்றது.
நான்காம் நாள் கடைக்காரர் செனோபியோ
கேபிளைப் பார்த்துச் சிரித்தார்:
"இது சார்ஜரோடு வந்தது, எதெல்வினா.
சோறு கொண்டுபோகும்.
சேதி கொண்டுபோகாது."

வால்திவியாவில் அன்றும் மழை.
ஆற்றோரச் சந்தையில்
மீன் நிறுத்துக் கொடுப்பது அவள் வேலை.
நாற்பத்தாறு வயது. இசை படித்ததில்லை.
பூட்டிப்போன விளையாட்டுக் கூடத்தில்
பொத்தான்களைக் கிலோக் கணக்கில் விற்றார்கள்;
கிலோ என்றதும் கை தானாக நீண்டது.
அவ்வளவுதான் தொடக்கம்.

பெட்டிக்கு ஒரு பிஸ்கட் தகரம்.
அடியில் அட்டை வைக்க மறந்த அன்று
ஒயர் தகரத்தைத் தொட்டது,
விளக்கு அணைந்தது,
அவளும் கொஞ்சநேரம் மூச்சுவிடவில்லை.
முதல் நான்கு பற்றவைப்பும் கஞ்சிக் கட்டி.
ஐந்தாவதில்தான் ஈயம்
புது மீனின் கண்போலப் பளபளவென்று உட்கார்ந்தது.

பிறகு, இரவு பதினொன்றுக்கு,
எதையும் தொடாமலே
திரையில் எண்கள் கொட்டின.
அறுபது, அறுபது, அறுபத்திரண்டு.
கையை அருகே கொண்டுபோனால் கூடுதல்,
எடுத்தால் கொஞ்சம் அடக்கம்.
பேய் என்றால்
விறகடுப்பில் குளிர்காய வந்திருக்கும், வரட்டும்.
ஆனால் பேயில்லை.
எங்கும் கட்டாமல் விட்ட கால் அது,
காற்றில் போகிற எல்லாவற்றையும்
தன்னைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்கிறது.
(அக்கா மகள் ஒருத்தி இதே ரகம்.)
நிரலில் ஒரே ஒரு சொல் சேர்த்தாள்,
கால் ஐந்து வோல்ட்டில் சாய்ந்து
வாய் மூடி நின்றது.

ஒருமுறை அழுத்தினால் இரண்டாய் வந்தது.
தகடு தகட்டில் விழுந்து துள்ளுகிறதாம்,
ஒற்றையாய் நிற்கத் தெரியாத
இரட்டைக்கிளவி.
இருபது மில்லிநொடி
காது கொடுக்காதே என்று எழுதினாள்.

ஓரத்துத் திருகுகுமிழ்
சும்மா இருக்கும்போதே
அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு, அறுபத்துமூன்று.
இதற்கு அவளுக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை.
கொங்ரியோ மீன் செத்து ஆறு மணிநேரம் ஆனாலும்
தராசின் கடைசி இலக்கம் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.
ஒரு கிராமுக்கு மல்லுக்கட்டும் வாடிக்கையாளரிடம்
சொல்வதுபோலவே எழுதினாள்:
இரண்டுக்குக் குறைந்தால் கணக்கில் இல்லை.

தகரத்துக்குள் ஓசை கிடையாது.
எந்தப் பொத்தான், எப்போது தொட்டாய், எப்போது விட்டாய்,
எப்படிக் குத்தினாலும் அழுத்தம் நூறு.
அதைச் சொல்வதோடு சரி.
புள்ளி வைத்த மெய்.
உயிர் வேறோர் இடத்தில்.

உயிருக்குப் பியானோவை வைத்துப் பார்த்தாள்.
தெரியாதவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.
மறுநாள் சந்தைப் படிக்கட்டில்
மீன்தலைக்குச் சண்டையிடும் கடற்சிங்கங்களைச்
செல்பேசியில் பிடித்துவந்தாள்,
ஒன்பது தொண்டை.

விட்டதைச் சொல்லும் வரி
விட்டுப்போயிருந்தது.
அறுபதாம் தொண்டை
ஓஒஒஒ என்று அளபெடுத்து நிற்கவே இல்லை.
மேல்வீட்டு அனிபால்
துடைப்பக்கட்டையால் தரையைத் தட்டினான்.
அவள் கேபிளைப் பிடுங்கினாள்.
அப்போதும் ஓஒஒஒ.
சொன்னவர் போயாகிவிட்டது,
சொல் போகவில்லை.

ஞாயிறு, எல்லாம் சரியான பிறகு,
ஜன்னலைத் திறந்துவைத்து
அறுபத்தேழை அழுத்தினாள்.
மழைக்கு அந்தப்புறம், ஆற்றுப் பக்கமிருந்து
ஒரு குரல்.
பதிலா?
அவை எந்நேரமும் கத்துகிறவைதான்.
இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று
விரலை எடுக்காமல் நின்றாள்.

மேலே துடைப்பக்கட்டை.